ஏழாம் நம்பர் லயத்துக் கன்னி

மாரித்தாயிடம் 'அது நடக்காது' என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. சொன்னவர் பாடு திண்டாட்டம். குமுளிக்கு மேலே குறிஞ்சிக்கானம் எஸ்டேட்டில் இருபத்தொரு வருசமாகக் கொழுந்து கிள்ளுகிறாள். ஒரு தடவை தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக் குழாயில் எட்டு நாள் தண்ணீர் வரவில்லை. எழுதிக் கொடுங்கள், பார்க்கலாம் என்றார்கள் ஆபீசில். அவள் எழுதவில்லை. வீட்டில் இருந்த அழுக்குத் துணி அத்தனையையும் மூட்டை கட்டிக்கொண்டு போய், மானேஜர் பங்களாக் குழாயடியில் உட்கார்ந்து சாவகாசமாகத் துவைக்க ஆரம்பித்துவிட்டாள். மறுநாள் லயத்தில் தண்ணீர் வந்தது. அப்பேர்ப்பட்டவளையே ஒரு துண்டுக் காகிதம் படுத்தியெடுத்துவிட்டது என்றால் நம்புவீர்களா? படுத்தியெடுத்தது.

விசயம் இதுதான். மூத்த பிள்ளை மோனிஷா பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்து, கோட்டயம் பக்கத்துக் காலேஜ் ஒன்றில் நர்சிங் படிக்க இடம் வாங்கிவிட்டாள். லயத்தில் இருந்து அந்தப் படிப்புக்குப் போகிற முதல் பிள்ளை. மாரித்தாய் நாற்பது வீட்டுக்கும் சீனி மிட்டாய் கொடுத்தாள். காலேஜில் சொன்னது ஒன்றே ஒன்று: தாசில்தார் கையெழுத்துப் போட்ட ஜாதிச் சான்றிதழ் வேண்டும். அதைக் கொடுத்தால் ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் சர்க்கார் பார்த்துக்கொள்ளும். மாசக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். அவ்வளவுதானே, தாலுக்கா ஆபீசுக்கு ஒரு நடை போய்விட்டு வந்தால் தீர்ந்தது என்று மாரித்தாயும் நினைத்தாள்.

தாலுக்கா ஆபீசில் ஜின்சி என்று ஒரு கிளார்க். தங்கமான பிள்ளை, குறை சொல்ல முடியாது. மோனிஷாவின் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தாள், சங்கரன்கோவில் என்றிருந்தது. அப்பன் காளிச்சாமியினுடையதைக் கேட்டாள், அதுவும் சங்கரன்கோவில் பக்கம்தான். காளிச்சாமியின் அப்பாவுடைய கம்பெனி ரெக்கார்டிலும் பிறந்த ஊர் என்ற இடத்தில் அதே கிராமம். ஜின்சி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். மூன்று தலைமுறையும் தமிழ்நாட்டில் பிறந்திருக்கிறீர்களே சேச்சி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுக்கு முன்னாடியே உங்கள் குடும்பம் இந்த மண்ணில் இருந்தது என்று ஒரு காகிதம் இருந்தால்தான் இங்கே சான்றிதழ் தர முடியும், இல்லாமல் நடக்காது என்றாள்.

நடக்காது என்று அவள் சொல்லியும் மாரித்தாய்க்கு அன்றைக்கு வாய் எழும்பவில்லை. ஏனென்றால் தப்பு யார் மேல் என்று அவளுக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

அவர்கள் குடும்பத்தில் தலைச்சன் பிள்ளையை மலையில் பெறுகிற வழக்கமே கிடையாது. மாசம் ஏழு ஆனதும் வளைகாப்பைப் போட்டு, ஜீப்பில் குமுளிக்கும், அங்கேயிருந்து பஸ்ஸில் கம்பத்துக்கும் இறக்கி, தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தலைச்சன் தாய்மாமன் மடியில் விழணும், சொந்த மண்ணில் விழணும். பிள்ளைக்கு மூன்று மாசம் ஆனதும் தூக்கிக்கொண்டு மலையேறுவார்கள். அப்புறம் சாகிற வரைக்கும் மலைதான். மூன்று மாசம் கீழே இருந்ததற்குச் சான்றிதழ் இருக்கிறது, எண்பது வருசம் மேலே இருந்ததற்கு இல்லை. மோனிஷா வயிற்றில் இருந்தபோது, எதற்கு அலைச்சல், எஸ்டேட் ஆஸ்பத்திரியிலேயே பெத்துக்க என்று காளிச்சாமி சொல்லத்தான் செய்தான். தாய்வீட்டுச் சீர் இல்லாமல் பெத்துக்க நான் என்ன நாதியத்தவளா என்று ஒரே பிடியாய்ப் பிடித்துக் கீழே போனவள் இவள்தான். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது என்பது இதுதான். பத்தொன்பது வருசம் கழித்து வாங்கினாள்.

அவள் சும்மா இருக்கவில்லை. பாங்கில் போய்க் கேட்டாள். இவ்வளவு பெரிய கடனுக்கு ஏதாவது நிலம் இருக்கா என்றார்கள். லயம் கம்பெனியோடது, தேயிலை கம்பெனியோடது, நமக்குச் சொந்தம் காலில் அட்டை கடித்த தழும்புதான், அதை எழுதித் தரட்டுமா என்று கேட்டுவிட்டு வந்தாள். சங்கரன்கோவிலில் இருக்கிற தம்பியை விட்டு, தமிழ்நாட்டு ஆபீசில் சான்றிதழ் கிடைக்குமா என்று விசாரித்தாள். ரேஷன் கார்டு, ஓட்டு எல்லாம் கேரளாவில் இருக்கிறது, நீங்கள் மலைக்காரர்கள் என்று சொல்லிவிட்டார்கள். மேலே இருந்தால் கீழ்நாட்டுக்காரர்கள், கீழே போனால் மலைக்காரர்கள். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி என்று சும்மாவா சொன்னார்கள்?

கம்பெனி ஆபீசில் பழைய புத்தகத்தைப் புரட்டவைத்தாள். காளிச்சாமியின் தாத்தா மொக்கையன்தான் முதலில் மலையேறியவர். அவர் பெயர் இருந்தது, ஆனால் ஐம்பத்தேழாம் வருசத்தில் இருந்துதான் இருந்தது. அந்த வருசம்தான் அவரை நிரந்தரமாக எடுத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் கங்காணிக்குக் கீழே வேலை. ஆள் கணக்கு எல்லாம் கங்காணி கையில் இருந்த நோட்டில். கங்காணியும் போய்ச் சேர்ந்தார், நோட்டும் போய்ச் சேர்ந்தது.

மாசக் கடைசிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது மோனிஷா, அம்மா, குமுளியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற கடையில் ஆள் கேட்கிறார்கள், ஒரு வருசம் அங்கே போகிறேன், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். அழாமல், சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் மாரித்தாய்க்குப் பொறுக்கவில்லை. அழுதிருந்தால் அதட்டியிருப்பாள். காளிச்சாமி வழக்கம்போல ஒன்றும் பேசவில்லை. அவன் எதற்குத்தான் பேசினான்? ஃபாக்டரி மேல்மாடியில் பச்சை இலையைக் கம்பிவலைத் தொட்டியில் பரப்பி, அடியில் இருந்து காற்று விட்டு வாட்டுகிறார்கள் இல்லையா, அங்கேதான் இருபத்தைந்து வருசமாக வேலை. எம் புருசன் காத்தாடிக்குக் காவல் என்று மாரித்தாய் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

மறுநாள் கொழுந்து நிறுத்துப் போட்டதும் வீட்டுக்குப் போகாமல் நேரே ஓடைக்கரைக்கு நடந்தாள். அங்கே அவர்கள் வீட்டுக் கன்னி இருக்கிறாள்.

தெக்கத்திக் குடும்பங்களில் கல்யாணம் காணாமல் போய்ச் சேர்ந்த பெண்பிள்ளை அந்த வீட்டுக்குத் தெய்வமாகிவிடுவாள். காளிச்சாமி வீட்டிலும் ஒருத்தி உண்டு. உத்தரத்தில் ஒரு ஓலைப்பெட்டி தொங்கும், அதற்குள் ஒரு குட்டிப் பாவாடை, கண்ணாடி வளையல், ஒரு சாந்துச்சிமிழ். ஏழாம் நம்பர் லயத்துக்குப் பின்னால் ஓடைக்கரையில் ஒரு கல். தை மாசம் அந்தக் கல்லுக்கு மஞ்சள் பூசி, புதுப் பாவாடையும் சர்க்கரைப் பொங்கலும் படைப்பார்கள். கல்யாணம் ஆகி வந்த புதிதில் மாமியார் பெட்டியை இவள் கையில் கொடுத்து, நாலு வயசுப் பிள்ளை அளவுக்குத் துணி எடு என்று மட்டும் சொன்னாள். பேர் சொல்லவில்லை. கன்னிக்கு யாரும் பேர் கேட்பதில்லை, கன்னி என்றால் கன்னிதான். படைத்த பாவாடையை வீட்டுப் பெண்பிள்ளைக்கு உடுத்துவார்கள். மோனிஷா ஐந்து வயசு வரை கன்னி பாவாடையில்தான் லயமெல்லாம் ஓடித் திரிந்தாள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. மாரித்தாய் கும்பிடவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கல்லுக்கு முன்னால் நின்றாள்.

"வருசம் தப்பாம பாவாடை வாங்கிக்கிட்டேல்ல? எம்மவ ஒன் பாவாடைய உடுத்தி வளந்தவ. அவளுக்கு ஒத்தத் தாள் வாங்கிக் குடுக்க ஒனக்கு வக்கில்லையா? நீயெல்லாம் என்ன சாமி?"

சாமியைத் திட்டிவிட்டுக் குனிந்து, காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கினாள். குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். குலதெய்வத்துக்குக் கீழே போகிறோம். காது குத்துக்குக் கீழே போகிறோம், மொட்டை எடுக்கக் கீழே போகிறோம். கன்னியை மட்டும் ஏன் இங்கே கும்பிடுகிறோம்? பிள்ளை செத்த இடத்தில்தானே கல் நடுவார்கள்? அப்படியென்றால் இவள் இங்கே செத்தவள். மாமனாருக்குத் தங்கச்சி என்று மாமியார் ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். மாமனார் தலைச்சன், நாற்பத்தாறில் கீழே பிறந்தவர். தங்கச்சி தலைச்சன் இல்லையே. தலைச்சனுக்குத்தானே கீழே போகிற கதையெல்லாம். தன்னுடைய இரண்டாவது பிள்ளை ஜெகன் எங்கே பிறந்தான்? எஸ்டேட் ஆஸ்பத்திரியில்.

அப்படியென்றால் கன்னியும் அங்கேதான் பிறந்திருப்பாள், ஐம்பதுக்கு முன்னால் என்றால் அதற்கு ஒரு எழுத்தும் அங்கே இருக்கும். மாரித்தாய் ஈரத்தரை என்றும் பாராமல் உட்கார்ந்துவிட்டாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். திட்டியதற்குக் கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

எஸ்டேட் ஆஸ்பத்திரி என்பது இப்போது பேருக்குத்தான். வாரத்தில் ரெண்டு நாள் டாக்டர் வருவார், மற்ற நாளில் கம்பவுண்டர் செபாஸ்டின்தான் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டு இருப்பார். ஆனால் வெள்ளைக்காரன் காலத்தில் பிரசவம், சாவு, அம்மை குத்துவது எல்லாவற்றையும் பதிந்து வைத்த ஆஸ்பத்திரி அது. பழைய ரெஜிஸ்டர்கள் பின்பக்க அறையில் இருக்கின்றன, நான் சேர்ந்ததில் இருந்து அந்த அலமாரியை யாரும் திறந்ததில்லை, மாரித்தாயி, அதில் தேடுவதெல்லாம் நடக்காது என்றார் செபாஸ்டின். அவர் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம். பத்தாவது நிமிசம் அலமாரி திறந்திருந்தது.

நாற்பத்தேழு இருந்தது, நாற்பத்தெட்டு இருந்தது. ரெண்டிலும் மொக்கையன் பெயர் இல்லை. ஐம்பது சுத்தமாக இருந்தது, ஆனால் அது உதவாது. நாற்பத்தொன்பதின் மேல்தான் கூரை ஒழுகியிருந்தது. ஊறப்போட்ட புளி மாதிரி ஒரே உருண்டையாக இருந்தது அந்தப் புத்தகம். செபாஸ்டின் ஒரு மூலையை மெல்லப் பிரித்தார், தாள் எழுத்தோடு சேர்ந்து கையோடு வந்தது. மாரித்தாய் போட்ட சத்தத்தில் அவர் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் காளிச்சாமி வந்து அந்தப் புத்தகத்தைப் பார்த்தான். தொடவில்லை. புறங்கையை மட்டும் அதன்மேல் வைத்து எடுத்தான். இலை பதம் பார்க்கிற மாதிரியே வைத்தான்.

"வெயில்ல காயவெச்சா கட்டையாப் போயிரும். ஈரத்தோட பிரிச்சா கிழியும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு பதம் உண்டு. நான் வாட்டித் தாரேன்."

கல்யாணம் ஆகி இத்தனை வருசத்தில் அவன் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஃபாக்டரிக்கு இலை வராது. ஃபாக்டரிப் பொறுப்பில் இருக்கிற டீ மேக்கரிடம் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு, ஒரு தொட்டியில் வெள்ளைத்துணி விரித்து, அதன்மேல் புத்தகத்தை வைத்தான் காளிச்சாமி. ரெஜிஸ்டர் என் பொறுப்பு, கண்ணை விட்டு மறையக் கூடாது என்று செபாஸ்டினும் குடை, சோற்றுப்பாத்திரம், ஸ்டூல் சகிதம் வந்து தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். மோனிஷாவும் வந்திருந்தாள்.

காற்று வந்தது. சூடு இல்லாத வெறும் காற்று. காளிச்சாமி காற்றைக் கூட்டிக் குறைக்கிற சக்கரத்தை ஒரு விரல் அளவு திருப்பினான், காது கொடுத்துக் கேட்டான், மறுபடி அரை விரல் குறைத்தான். அரைமணிக்கு ஒரு தரம் புறங்கையை வைத்துப் பார்ப்பான். மேல்தாளின் ஓரம் லேசாகத் தளர்ந்து எழும்பும்போது, ஒரு தென்னை ஈர்க்கை அடியில் விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர்த்துவான். தாள் தானாக விட்டுக்கொடுத்தால் எடுப்பான், இழுத்தால் ஈர்க்கை உருவிக்கொண்டு மறுபடி காத்திருப்பான். ஒரு தாள் பிரிந்தது. அடுத்த தாளுக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. அவன் அவசரப்படவே இல்லை. நேரம் போகப் போக, எந்தத் தாள் எப்போது விடும் என்று தாள் எழும்புவதற்கு முன்னாலேயே அவனுக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் அவனுக்கும் சொல்லத் தெரியாது.

மாரித்தாய் ஏழு மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. இதைச் சொன்னால் எஸ்டேட்டில் இன்றைக்கும் யாரும் நம்ப மாட்டார்கள். காத்தாடிக்குக் காவல் என்று சிரித்த அதே வாய்தான். இந்த மனுசன் கையில் இப்படி ஒரு வித்தை இருந்ததை இத்தனை வருசம் ஒரே தலையணையில் படுத்தும் பார்க்காமல் இருந்துவிட்டோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. அடேயப்பா என்று மனதுக்குள் எத்தனை தடவை சொன்னாளோ.

நாலு மணி வாக்கில் ஆகஸ்ட் மாசத்துத் தாள் பிரிந்தது. எழுத்து ஊதா மை, பாதி பரவியிருந்தது. செபாஸ்டின் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை வைக்காமல், ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே வந்தார். நடுவில் நிறுத்தினார். குரல் இறங்கிவிட்டது.

"லயம் நம்பர் ஏழு. தகப்பன் மொக்கையன். பெண் குழந்தை. ஜாதியும் எழுதியிட்டுண்டு. பின்னெ, வேற மையில ஒரு பேரும் உண்டு. அம்மை குத்தினப்போ எழுதினதாயிருக்கும். குருவத்தாய்."

காற்றுச் சத்தம் மட்டும் இருந்தது. மாரித்தாய் இருபது வருசமாக மஞ்சள் பூசுகிறாள், பாவாடை எடுக்கிறாள், கோபம் வந்தால் திட்டவும் செய்கிறாள், கல்லுக்குள்ளே ஒரு பிள்ளை இருந்ததை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். பிறந்து, அம்மை குத்தும்போது அழுது, நாலு வயசில் ஏதோ காய்ச்சலில் போன பிள்ளை. அதற்கு ஒரு பேர் இருந்திருக்கிறது. அந்தப் பேரை எழுபது வருசத்துக்கு மேல் யாரும் சொல்லிக் கூப்பிடவில்லை. அவள் காலில் இருந்த செருப்பைக் கழற்றிவிட்டாள். காளிச்சாமி கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். செபாஸ்டினும் ஸ்டூலில் இருந்து எழுந்துவிட்டார். மோனிஷாதான் முதலில் அந்தப் பேரைச் சொன்னாள், மெதுவாக, பக்கத்தில் தூங்குகிறவளை எழுப்புகிற மாதிரி. "குருவத்தாய்."

காளிச்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு காற்றை நிறுத்தப் போனான்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. ஆனால் ஜின்சி இந்தத் தடவை பேனாவைக் கீழே வைக்கவில்லை. செபாஸ்டினே ரெஜிஸ்டரைத் துணியில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கொண்டுவந்திருந்தார். காளிச்சாமியின் அப்பாவுடைய கம்பெனி ரெக்கார்டிலும் தகப்பன் மொக்கையன், லயம் ஏழு என்றே இருந்தது. அண்ணன் கீழே பிறந்தான், தங்கச்சி மேலே பிறந்தாள், குடும்பம் ஐம்பதுக்கு முன்னாலேயே இங்கே இருந்திருக்கிறது. ஜின்சி தாசில்தார் அறைக்குள் போனாள். வெகுநேரம் வரவில்லை. வரும்போது சிரித்துக்கொண்டு வந்தாள். விசாரணைக்கு ஆள் அனுப்பி, வேண்டியதைச் செய்கிறோம் என்று சொல்லிவிட்டு, எழுதிக்கொண்டே, இந்தக் குருவத்தாய் இப்போது எங்கே இருக்கிறார், ஒரு கையெழுத்து வாங்கினால் இன்னும் பலமாக இருக்குமே என்று கேட்டாள்.

"ஓடைக்கரையில இருக்கா மேடம். கையெழுத்துப் போடத்தான் தெரியாது," என்றாள் மாரித்தாய்.

மாசம் முடிய ரெண்டு நாள் இருக்கும்போது சான்றிதழ் கைக்கு வந்தது. மாரித்தாய் அதை நாலு தடவை பிளாஸ்டிக் கவரில் போட்டு, நாலு தடவை வெளியே எடுத்துப் பார்த்தாள். அவளுக்கு மலையாளம் படிக்கத் தெரியாது. முத்திரையைத்தான் பார்த்தாள்.

காலேஜுக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் மகளுக்குத் துணி எடுக்கக் குமுளிக்குப் போனாள். மோனிஷா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, மயில்கழுத்து நிறத்தில் ஒரு சுடிதார் துணியைத் தேர்ந்தெடுத்து, இதிலேயே ரெண்டு வெட்டுங்கள் என்றாள். கடைக்காரப் பெண்ணுக்கு ஆச்சரியம். ஒரே துணியில் ரெண்டா, வேறு நிறம் எடுத்தால் மாற்றி மாற்றிப் போடலாமே என்றாள். ரெண்டும் ஒருத்திக்கு இல்லை என்றாள் மாரித்தாய்.

"ஓ, ரெண்டு பொண்ணா உங்களுக்கு?"

மோனிஷா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். தையில் கன்னிக்கு எடுக்கிற நாலு வயசுப் பாவாடை இந்த வருசம் இல்லை, அதற்குப் பதில் இந்தச் சுடிதார்தான் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

"ஆமா," என்றாள் மாரித்தாய். "மூத்தவ படிக்கல. அவளாலதான் இளையவ படிக்கப் போறா."